வெள்ளையடிப்பதற்கு முன் மகளுக்கு

கிறிஸ்துவுக்குள் பிரியமான மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் தேவ கிருபையால் சுகம். அங்கே மாப்பிள்ளையும் நீயும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும் என்று வேண்டுகிறேன்.

போனில் பேச ஆரம்பித்தால் பாதியில் பிள்ளை அழுகிறாள். அவள் அழாவிட்டால் உனக்கு அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்துவிடுகிறது. எனக்கும் போனைக் கையில் எடுத்தால் சொல்ல வந்தது தொண்டையோடு நின்று, சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதிலேயே பேச்சு முடிந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். அவள் தூங்கும் நேரமாகப் பார்த்து ஆற அமர வாசி.

நீ அனுப்பிய வீட்டுப் படங்கள் வந்தன. அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். எதிர்வீட்டு அண்ணாச்சியையும் மதினியையும் கூப்பிட்டுக் காட்டினார். "பெங்களூரில் என் மகள் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு" என்று சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. உன்னிடம் அவர் இதைச் சொல்லமாட்டார், அதனால் நான் சொல்கிறேன். கூரைக்குக் கீழே இன்னொரு கூரை கட்டி விளக்கை அதற்குள் மறைத்து வைத்திருப்பதும், சமையலறையில் ஒரு பாத்திரம்கூட வெளியே தெரியாமல் எல்லாவற்றையும் கதவுக்குள் அடக்கியிருப்பதும், கூடத்துச் சுவருக்கு வெளிர் சாம்பல் நிறம் தேர்ந்தெடுத்திருப்பதும் மிக நேர்த்தி. பள்ளிக்கூட வயதில் உன் புத்தக அலமாரி கிடந்த கோலத்தை நினைத்துப் பார்த்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது.

புதுப் பெயிண்ட் வாடை கைக்குழந்தைக்கு ஆகாது. குளிருகிறது, கொசு வருகிறது என்று ஜன்னலை அடைத்து வைக்காதே. பகலெல்லாம் திறந்து வை. பிள்ளையைப் பெயிண்ட் அடித்த அறையில் இப்போதைக்குப் படுக்க வைக்காதே.

ஒரு சந்தேகம். எல்லா அறைகளையும் படம் எடுத்து அனுப்பினாயா, இல்லை ஏதாவது சுவர் விட்டுப்போயிற்றா? தாத்தா பலாக்கட்டையில் செதுக்கிய சிலுவையை நீ புறப்படும்போது சேலைக்குள் சுற்றிக் கொடுத்தேனே, அதை எங்கே மாட்டியிருக்கிறாய் என்று தேடிப் பார்த்தேன். வருடப் பிறப்பன்று எடுத்த வாக்குத்தத்த வசன அட்டையும் கண்ணில் படவில்லை. ஆணி இறங்காத சுவராக இருக்கலாம். ஆணி இல்லாமல் ஒட்டுகிற கொக்கி இங்கே நாசரேத் ஊர்க் கடைத்தெருவில்கூட வந்துவிட்டது. வேண்டுமானால் கருப்பட்டியோடு சேர்த்து வாங்கி அனுப்புகிறேன். வீட்டுப் பிரதிஷ்டை ஜெபத்துக்கு அங்கே சபைப் போதகர் ஐயர் யாரையாவது அழைத்தீர்களா என்பதையும் நீ சொல்லவில்லை. பால் காய்ச்சினோம் என்று மட்டும் சொன்னாய். எங்களைக் கூப்பிட்டிருந்தால் வந்திருப்போம். அப்பாவுக்கு முட்டுவலி என்றாலும் ரயிலில் படுத்துக்கொண்டாவது வந்திருப்பார். சரி, அதை விடு.

நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை பிடித்த மழையை நீ மறந்திருக்கமாட்டாய். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. தாமிரபரணி ஒரு பக்கமும் உடைந்த குளங்கள் ஒரு பக்கமுமாக வந்து, நம் பட்டாசல் கூடத்தில் தண்ணீர் ஜன்னல் விளிம்பைத் தொட்டது. நீ அங்கே போன் கிடைக்காமல் அழுதுகொண்டிருந்ததை மாப்பிள்ளை பிறகுதான் சொன்னார்.

வீடு அதிலிருந்து இன்னும் தேறவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு வந்த கொத்தனார் சிமெண்ட் பூசி, சுவர்ப் புட்டி தேய்த்து, பளபளவென்று எமல்ஷன் அடித்துக் கொடுத்தார். அடுத்த கிறிஸ்துமஸுக்கு வீடு புதிதாக இருந்தது. அதற்கடுத்த மழையில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, விரல் பட்டால் உதிர்ந்தது. சுவர் முழுக்க உப்புப் பூத்துவிட்டது. முதலூர்ப் பக்கத்திலிருந்து வருகிற வயதான கொத்தனார் ஒருவர்தான் காரணம் சொன்னார். நம்முடையது சுண்ணாம்புக் காரைச் சுவர். அதன் மேல் சிமெண்டையும் பிளாஸ்டிக் பெயிண்டையும் ஏற்றினால் உள்ளே இறங்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் மேல்நோக்கி ஏறுகிறது. ஏறுகிற ஈரம் உப்பையும் கூடவே கொண்டுபோகிறது. "காயாத சுவர் மேல் எதைப் பூசினாலும் நிற்காது அம்மா" என்றார். மெஞ்ஞானபுரம் ஆலயத்தின் 192 அடிக் கோபுரமும், மிஷனரி கால்டுவெல் ஐயர் இடையன்குடியில் கட்டி 1880-இல் பிரதிஷ்டை செய்த ஆலயமும் சுண்ணாம்பில் நிற்பவைதானே என்று அப்பாவிடம் அவர் வாதாடியதை நீ கேட்டிருக்க வேண்டும்.

இடுப்பளவுக்குப் பூச்சை எல்லாம் கொத்தி எடுத்து, செங்கல் வெளியே தெரிய, கோடை முழுவதும் உலர விட்டோம். வருகிறவர்கள் எல்லாம் "என்ன, வீட்டை இடிக்கிறீர்களா?" என்று கேட்டார்கள். இப்போது நீர்த்த சுண்ணாம்பும் ஆற்று மணலும் கலந்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் விட்டுப் பூசி வருகிறார்கள். பூசிய பிறகு ஈரத்துணி போட்டு நனைத்து நனைத்து வைக்க வேண்டும். சுண்ணாம்பு காற்றுப் பட்டுப் பட்டுத்தான் மெதுவாக இறுகும். ஐப்பசி மழைக்கு முன் வெள்ளையடித்து முடித்துவிடலாம் என்கிறார். சிமெண்டைவிடக் கூலி அதிகம். அப்பாவின் பென்ஷன் நிலுவை வந்ததால் சமாளித்தோம். நீ பணம் அனுப்பாதே. உனக்கே வீட்டுக் கடன் இருக்கிறது.

இதில் மிச்சமிருப்பது பட்டாசலின் மேற்குச் சுவர், அந்த வசனச் சுவர். கொத்தனார் விரலால் தட்டிக்கொண்டே போனார். எழுத்து இருக்கிற இடம் முழுவதும் பூச்சு செங்கல்லை விட்டு விலகியிருக்கிறது. மேலே வரைக்கும் எடுக்கத்தான் வேண்டும், எடுத்தால் எழுத்தும் போய்விடும். தாத்தா சபையில் உபதேசியாராக இருந்த காலத்தில் தானே ஏணி போட்டு ஏறி எழுதியது. "நானும் என் வீட்டாருமோவென்றால், கர்த்தரையே சேவிப்போம்." சுற்றிலும் நீலக்கோடு. நீ எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகியது அந்தச் சுவரைப் பார்த்துத்தான்.

அப்பா உடனே பாளையங்கோட்டையில் கல் வெட்டுகிறவர்களிடம் விலை விசாரித்துவிட்டார். கறுப்புக் கிரானைட்டில் அதே வசனத்தை வெட்டி, தங்க நிறம் பூசி, அதே இடத்தில் பதித்துவிடலாம், இனி எந்த வெள்ளம் வந்தாலும் அழியாது என்றார். நான் வேண்டாம் என்றேன். வேதவசனத்தை வேண்டாம் என்று நான் சொல்லி அவர் கேட்டதே இல்லை. அன்று இரவு அவர் என்னோடு பேசாமலே சாப்பிட்டு எழுந்தார். ஏன் வேண்டாம் என்று அவருக்கு விளக்கிச் சொல்ல எனக்கு வரவில்லை. உனக்கு எழுதிப் பார்க்கிறேன்.

யோசுவா 24:15-இன் கடைசிப் பகுதி மட்டும்தான் நம் சுவரில் இருக்கிறது. அதே வசனத்தின் முற்பகுதியில் யோசுவா ஜனங்களைப் பார்த்து, யாரைச் சேவிப்பீர்கள் என்று இன்று தெரிந்துகொள்ளுங்கள் என்கிறார். நதிக்கு அப்புறத்தில் உங்கள் பிதாக்கள் சேவித்த தேவர்களையா, நீங்கள் குடியிருக்கிற இந்தத் தேசத்தின் தேவர்களையா என்று கேட்கிறார். வழியை அவர்களுக்குத் திறந்து வைத்த பிறகுதான் தன் வீட்டைப் பற்றிப் பேசுகிறார். அந்த முற்பகுதியை எந்த வீட்டுச் சுவரிலும் நான் கண்டதில்லை. ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு மனப்பாட வசனமாக நான் கொடுத்ததும் பிற்பகுதியைத்தான். வீட்டார் என்று தாத்தா எழுதியபோது நீ பிறக்கவில்லை. நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வரவும் இல்லை. அவர் விசுவாசத்தோடு எழுதினார், அது அவர் விசுவாசம். நான் அதைக் கல்லில் வெட்டி வைத்தால் உனக்காகவும் உன் மகளுக்காகவும் நானே பதில் சொல்லி முடித்ததாக ஆகும். அந்த உரிமை எனக்கு இருக்கிறதா என்று யோசிக்கிறேன். இல்லை என்றுதான் தோன்றுகிறது.

வீட்டு முன்பக்கத் தார்சாவில் மாட்டியிருந்த இயேசு படமும் வெள்ளத்தில் போயிற்று. தாத்தா இருந்தவரை நம் வீட்டில் படம் கிடையாது, அதை விக்கிரகம் என்பார். அவர் காலத்துக்குப் பிறகு நான் ஆசைப்பட்டு மாட்டியது அது. அந்த முகத்தை 1940-இல் அமெரிக்காவில், சிகாகோவைச் சேர்ந்த வார்னர் சால்மன் என்ற ஓவியர் வரைந்தார் என்றும், கோடிக்கணக்கில் அச்சாகி உலகமெங்கும் போனது என்றும் பிற்பாடு ஒரு பத்திரிகையில் படித்தேன். ஓர் அமெரிக்கர் மனதில் வந்த முகம். கலிலேயா வெயிலில் நடந்து திரிந்த தச்சரின் முகம் அப்படி இருந்திருக்காது. படம் போன பிறகும் நான் ஜெபிக்கிறேன், முன்பைவிடக் கொஞ்சம் அதிகமாகவே. வேறு படம் வாங்கவில்லை. உன் வீட்டு வெறுஞ்சுவர்களைப் பார்த்து முதலில் எனக்கு நெஞ்சு அடைத்தது உண்மை. பிறகு நம் தார்சாவைப் பார்த்தேன்.

ஆனாலும் தாத்தாவின் சிலுவை படம் இல்லையே. அதைப் பெட்டிக்குள் வைத்திருந்தால் பூச்சி அரிக்காமல் வேப்பிலை போட்டு வை. ஜன்னலையும் திறந்து வை.

வெள்ளத்துக்குப் பிறகு உபவாசக் கூட்டத்துக்கு வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் ஒருவர், இந்த நாட்டின் பாவத்துக்குக் கர்த்தர் அனுப்பிய தண்டனை இது என்று பேசினார். பெண்கள் எல்லாரும் ஆமென் என்றார்கள். முன்பென்றால் நானும் சொல்லியிருப்பேன், அதே போல நானே பாடம் நடத்தியும் இருக்கிறேன். அன்று என் வாயிலிருந்து வரவில்லை. பால்கார அக்காவின் மாடுகள் கட்டுத்தறியிலேயே செத்துக் கிடந்ததை நான் பார்த்துவிட்டு வந்திருந்தேன். அவள் செய்த பாவம் என்ன? அந்த நாட்களில் நாங்கள் தங்கியது, வருடா வருடம் சுடலைமாடனுக்குக் கொடை கொடுக்கிற எதிர்வீட்டு அண்ணாச்சியின் மாடியில். சாப்பிட்டது பள்ளிவாசலில் ஆக்கி அனுப்பிய சோறு. அந்தச் சோற்றுக்கு முன்னால் அப்பா தலைகுனிந்து ஸ்தோத்திரம் சொன்னார், அண்ணாச்சி கைகூப்பி நின்றார். இவர்கள் எல்லாரும் அழிந்துபோவார்கள் என்று சின்னப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த பாடம் அன்றைக்கு என்னை விட்டுப் போய்விட்டது. என் ஆண்டவர் போகவில்லை. இதை நீ நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். அவர் போகவில்லை.

சொல்லிக்கொடுத்ததோடு ஒத்துப்போகாமல் விலகுவது நம் ஆட்களுக்கு ஒன்றும் புதிதும் இல்லை. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்து இந்தச் சீமையில் சபைகளை உண்டாக்கிய மிஷனரி ரேனியஸ் ஐயரே சபை ஒழுங்கு விஷயத்தில் தன் மிஷனோடு ஒத்துப்போகாததால், 1835-இல் மிஷன் அவரோடு தொடர்பை முறித்துக்கொண்டது. அவர் மூன்று வருஷத்தில் இறந்து, பாளையங்கோட்டையிலேயே அடக்கமாகியிருக்கிறார். அருமைநாயகம் சட்டாம்பிள்ளை 1857-இல் மிஷனரிகளை விட்டு விலகி, சனிக்கிழமையை ஓய்வுநாளாக வைத்துப் பிரகாசபுரத்தில் தனிச் சபை கண்டார். ஆச்சியின் பிறந்த வீட்டார் பாதிப்பேர் அந்தச் சபை என்பதும், கல்யாணத்துக்கும் சாவுக்கும் அவர்கள் வந்தால் தாத்தா முகம் மாறுவதும் உனக்குத் தெரியும். முகம் மாறினாலும் பந்தியில் பக்கத்தில்தான் உட்காருவார். நமக்குள் யாரும் யாரையும் விட்டுவிடவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பழங்கதை.

சம்பந்தி அம்மா போன வாரம் போன் செய்தார்கள். நலம் விசாரித்தார்கள், மழை உண்டா என்று கேட்டார்கள், பிறகு மெதுவாகப் பிள்ளைக்கு எப்போது ஞானஸ்நானம் என்று கேட்டார்கள். உங்கள் ஊர் ஆலயத்திலா எங்கள் ஊரிலா என்று கேட்டார்கள். எனக்கு என்ன சொல்ல என்று தெரியவில்லை. வீட்டு வேலை நடக்கிறது, முடியட்டும் என்றேன். ஐயரம்மாவும் ஐக்கிய சங்கத்தில் கேட்டார்கள். அவர்களுக்கும் அதே பதில்தான். பிள்ளை தவழத் தொடங்கிவிட்டாள். இதுவரை நீ என்னிடம் அந்தப் பேச்சே எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. உன் ஞானஸ்நானத்துக்கு நீ போட்ட வெள்ளைச் சட்டை பரணில் தகரப் பெட்டியில் இருந்ததால் வெள்ளத்துக்குத் தப்பியது. வெளியே எடுத்துத் துவைத்து நிழலில் உலர்த்தி மறுபடி மடித்து வைத்திருக்கிறேன். கழுத்துப் பட்டையில் மட்டும் லேசாகப் பழுப்பு. இதை நான் உன்னை நெருக்குவதற்காக எழுதவில்லை. எழுதிய பிறகு நெருக்குவதாகத்தான் தெரிகிறது. எழுதியதை அடித்துவிட மனமில்லை, இருக்கட்டும்.

உன் அண்ணனைப் பற்றி எழுத வேண்டும்.

நீ ஏழாம் வகுப்புப் படிக்கும்போது, ஈஸ்டர் அன்று விடியற்காலையில் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டு வரும் வழியில், "அண்ணனுக்கு மட்டும் ஏன் கல் இல்லை? அண்ணன் மோட்சத்தில் இருக்கிறானா?" என்று கேட்டாய். தேவனுக்குத் தெரியும் என்றேன். நீ மறுபடி கேட்டாய். வாயை மூடிக்கொண்டு நட என்றேன். அதன் பிறகு நீ கேட்கவே இல்லை. வேதபாடத் தேர்வில் முதல் பரிசு வாங்கிக்கொண்டிருந்த பிள்ளை, அந்த ஒன்றை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டாய் என்று இப்போது நினைக்கிறேன்.

அவன் பிறந்த வாரத்திலேயே போய்விட்டான். மழைக்காலம். ஐயர் வேறு ஊர் ஆராதனைக்குப் போயிருந்தார், ஞானஸ்நானம் கொடுக்க ஆள் இல்லை. இங்கிலாந்துச் சபையின் பழைய ஜெபமுறைப்படி, ஞானஸ்நானம் பெறாமல் இறந்தவர்களுக்கு அடக்க ஆராதனை நடத்தக் கூடாது. நம் ஊர்ப் பெரியவர்கள் அந்தச் சட்டத்தை எழுத்துப் பிசகாமல் வைத்திருந்தார்கள். மணி அடிக்கவில்லை. பாட்டு இல்லை. அப்பாவும் சித்தப்பாவும் துண்டில் சுற்றி எடுத்துப் போய் வடக்கு மதிலோரம் அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள். நான் அரங்கு வீட்டில் பால் கட்டிய மார்போடு காய்ச்சலில் கிடந்தேன். யாரும் என்னிடம் கடுமையாகப் பேசவில்லை. ஒருவரும் பேசவே இல்லை. தாத்தா மட்டும் இரவில் வந்து வாசலில் நின்று, "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரும் அழுதார் என்று ஆச்சி பிற்பாடு சொன்னாள்.

நீ பிறந்தபோது ஐயரைத் தேடி அப்பா ராத்திரியில் சைக்கிளில் ஓடினார். நீ நல்ல ஆரோக்கியமாகத்தான் இருந்தாய். ஆனால் என் பயம் அவரை ஓட வைத்தது. உன்னை நான் ஞானஸ்நானத் தொட்டியில் நீட்டியது நன்றியோடு அல்ல, பயந்து நடுங்கிக்கொண்டு. வெள்ளைச் சட்டை போட்ட அந்தப் புகைப்படத்தில் நான் ஏன் சிரிக்கவில்லை என்று நீ கேட்டிருக்கிறாய்.

பல வருஷம் கழித்துப் பள்ளிக்கூட ஆசிரியைகளோடு டோனாவூருக்குப் போயிருந்தேன். அங்கே பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மா 1951-இல் இறந்தபோது, தன் கல்லறைக்குக் கல் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி இருக்கிறது, அவ்வளவுதான். எத்தனையோ பிள்ளைகளைத் தூக்கி வளர்த்த அம்மாவுக்கே கல் இல்லை. மற்ற ஆசிரியைகள் முன்னால் போய்விட்டார்கள். நான் அங்கேயே உட்கார்ந்து, உன் அண்ணனுக்காக முதன்முறையாகச் சத்தம் போட்டு அழுதேன்.

நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். உன் அண்ணன் ஆண்டவரிடத்தில் இருக்கிறான். தேவனுக்குத் தெரியும் என்று ஒதுங்கவில்லை, எனக்கே தெரியும் என்று சொல்கிறேன். "சிறு பிள்ளைகள் என்னிடத்தில் வருகிறதற்கு இடங்கொடுங்கள்" என்று அவர் சொன்னபோது எந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆயிற்று, எதற்கு ஆகவில்லை என்று ஒரு தாயையும் கேட்கவில்லை. ஞானஸ்நான ஆராதனையிலேயே வாசிக்கிற பகுதி அது. அதை வாசிக்கக் கேட்டுக்கொண்டே இத்தனை காலம் நான் பயந்திருக்கிறேன். அந்தப் பயத்தை உனக்கும் பாலோடு கொடுத்தேனோ என்று நினைக்கும்போதுதான் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

ஆகவே பேத்தியை நினைத்து எனக்குப் பயம் இல்லை. ஆசை இருக்கிறது. ஆசை இல்லை என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். பஞ்ச காலத்தில் வேதத்துக்கு வந்த குடும்பம் நம்முடையது. கஞ்சிக்காக வந்தார்கள் என்று பேசியவர்கள் உண்டு, ஆனால் பஞ்சம் தீர்ந்த பிறகும் அவர்கள் போகவில்லை. அன்றிலிருந்து பேர் பேராக ஆலயப் பதிவேட்டில் ஏறியிருக்கிறது. உன் மகள் பேரும் அதில் வர வேண்டும் என்று எனக்கு ஆசை. நீயும் மாப்பிள்ளையும் அதை நம்பிச் செய்தால் நான் சந்தோஷப்படுவேன். எங்கள் வாயை அடைப்பதற்காகவும் சம்பந்தி வீட்டாருக்காகவும் செய்தால், நீ தொட்டியருகே நிற்கிற முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிடும். அது வேண்டாம். அவள் வளர்ந்து தானே கேட்கட்டும் என்று நீங்கள் நினைத்தால், அதையும் என்னிடம் சொல்லலாம். நான் அழுவேன், அழுதுவிட்டு உன் பக்கம் நிற்பேன். அப்பாவிடம் பேசுவதை என்னிடம் விட்டுவிடு.

எனக்குத் தாங்க முடியாதது நீ சொல்லாமல் இருப்பதுதான். ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் ஆலயம் போனாயா என்று நான் கேட்பேனோ என்று பயந்து, நீ இப்போதெல்லாம் திங்கட்கிழமை போன் செய்கிறாய். அது எனக்குப் புரியாது என்று நினைத்தாயா? உன்னைப் பெற்றவள் நான். ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று கேட்டு, நீ சொல்கிற தொனியிலேயே பாதியைத் தெரிந்துகொள்கிறேன். மீதிப் பாதியை நீதான் சொல்ல வேண்டும்.

அத்தை மகனுக்குத் தூத்துக்குடியில் வேலை ஆகியிருக்கிறது. சித்தப்பாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று. ஆலயத்தில் எல்லாருக்கும் சோறு போடுகிற அசனப் பண்டிகைக்கு உங்கள் பேரிலும் அரிசி கொடுத்துவிட்டேன். கேட்காமல் கொடுத்தேன், அதற்குக் கோபப்படாதே, அது சோறுதான். உடன்குடிக் கருப்பட்டி பார்சலில் அனுப்புகிறேன். பிள்ளைக்குப் பாலில் அதைக் கலக்காதே, ஒரு வயது ஆகட்டும். நீ சாப்பிடு, பெற்ற உடம்பு.

வசனச் சுவரைத் திங்கட்கிழமை கொத்தப் போகிறார்கள். அப்பா போன ஞாயிறு கிரானைட் பேச்சை எடுக்கவில்லை. கோபம் தணிந்துவிட்டதா, இல்லை முன்பணம் கொடுத்துவிட்டாரா என்று தெரியவில்லை. சுவர் பூசி நன்றாகக் காயட்டும், பிறகு என்ன செய்வதென்று கிறிஸ்துமஸுக்கு நீங்கள் வந்ததும் எல்லாருமாக உட்கார்ந்து பேசலாம், அதுவரை வெறும் வெள்ளையாக இருக்கட்டும் என்று சொல்லிவைத்திருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் இருந்தால் அவர் கேட்பார். கிறிஸ்துமஸ் டிக்கெட் முன்கூட்டியே தீர்ந்துவிடும், முன்பதிவு திறந்த அன்றே போட்டுவிடு. கீழ்ப்படுக்கையாகக் கேள், பிள்ளையை வைத்துக்கொண்டு மேலே ஏற முடியாது.

சம்பந்தி அம்மா மறுபடி போன் செய்தால் நான் என்ன சொல்ல வேண்டும் என்பதை மட்டும் உடனே எழுது. போனில் சொல்லாதே, அப்பா பக்கத்தில் இருப்பார். கடிதமாகவே போடு, என் பெயருக்கு.

இப்படிக்கு,
உன் அம்மா